பிரிட்டனில் தொலைக்காட்சித் தொடருக்குப் பண்பாட்டுச் சான்றிதழ் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் நாடகத் தொடரோ ஆவணத் தொடரோ எடுத்து, அரசின் வரிச் சலுகையைக் கேட்க வேண்டுமானால், அது ‘பிரிட்டிஷ் நிகழ்ச்சி’ என்ற சான்றிதழ் முதலில் கையில் இருக்க வேண்டும். சான்றிதழுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பண்பாட்டுத் தேர்வில், அதாவது கதை, மொழி, இடம், ஆட்கள் முதலானவற்றுக்கு மதிப்பெண் போடும் தேர்வில், தேறுவது. மற்றொன்று, ஒப்பந்தம் உள்ள நாட்டோடு அதிகாரபூர்வக் கூட்டுத் தயாரிப்பாக எடுப்பது. பெரும்பாலானோர் முதல் வழியில்தான் போகிறார்கள். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம், அதாவது பிஎஃப்ஐ. அதன் பரிந்துரையின்பேரில் பண்பாட்டுத் துறை அமைச்சரின் பெயரில் சான்றிதழ் வரும். பணத்தைத் தருவது வரித்துறையான எச்எம்ஆர்சி. இவை இரண்டு தனி அலுவலகங்கள், கேட்கும் கேள்விகளும் வேறு. பிஎஃப்ஐ சான்றிதழ் வந்தால் பணமும் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. சான்றிதழ் இல்லாமல் பணம் வராது என்பதுதான் சரி. சான்றிதழ் மட்டும் இருந்தால் போதாது.

## 1. நுழைவுத் தகுதியை முதலில் பாருங்கள்

மதிப்பெண் எண்ணத் தொடங்குமுன் உங்கள் நிகழ்ச்சி இந்தச் சலுகைக்குள் வருமா என்று பார்த்துவிடுங்கள். வராது என்றால் மீதி வேலை எல்லாம் வீண்.

‘ஹை எண்ட் டிவி’ என்ற வகைக்கு, ஒளிபரப்பு நேரத்தின் ஒவ்வொரு மணிக்கும் சராசரியாகக் குறைந்தது 10 லட்சம் பவுண்டு மையச் செலவு இருக்க வேண்டும். மையச் செலவு என்பது படப்பிடிப்புக்கு முந்தைய தயாரிப்பு, படப்பிடிப்பு, பிந்தைய வேலைகள் ஆகிய மூன்றின் செலவு. கதையை உருவாக்கிய செலவு, நிதி திரட்டிய செலவு, விளம்பரச் செலவு இதில் சேராது. தமிழ்ச் சிறு தயாரிப்பாளர்கள் பலர் இந்த வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

மணி என்பது சேனல் ஒதுக்கும் நேரம். விளம்பர இடைவேளையும் அதில் அடங்கும். 46 நிமிட அத்தியாயம் ஒரு மணி நேர ஸ்லாட்டுக்காக எடுக்கப்பட்டிருந்தால் ஒரு மணி என்றே கணக்கு. இப்போதுள்ள வரிச் சலுகைத் திட்டமான ஏவெக்கின் (AVEC) கீழ் அந்த ஸ்லாட் 20 நிமிடத்தைத் தாண்டியும் இருக்க வேண்டும்.

மையச் செலவில் குறைந்தது 10% பிரிட்டனுக்குள் பயன்படுத்தப்படும் பொருட்களுக்கும் சேவைகளுக்கும் போயிருக்க வேண்டும். செய்தி, விவாதம், வினாடி வினா, போட்டி, பலசுவை நிகழ்ச்சி, விளம்பரம், பயிற்சிப் படம் ஆகியவை சேராது.

அனிமேஷனுக்கும் குழந்தைகள் நிகழ்ச்சிக்கும் இந்தப் பத்து லட்ச வரம்பு கிடையாது. ஆனால் அவற்றுக்கு மதிப்பெண் தாள் தனி. கீழே உள்ள எண்களை அங்கே போட்டுப் பார்க்காதீர்கள்.

## 2. எந்தக் கம்பெனி விண்ணப்பிக்கும் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு தயாரிப்புக் கம்பெனிதான் இருக்கலாம். அது பிரிட்டனில் கார்ப்பரேஷன் வரி கட்டும் கம்பெனியாக இருக்க வேண்டும். தயாரிப்பின் எல்லாக் கட்டங்களுக்கும் அது பொறுப்பேற்று, திட்டமிடலிலும் முடிவெடுப்பதிலும் உண்மையாகவே ஈடுபட்டிருக்க வேண்டும். உரிமைகளுக்கும் ஆட்களுக்கும் பொருட்களுக்கும் நேரடியாகப் பேசி ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

வழக்கமாக ஒரு தொடருக்கென்றே தனிக் கம்பெனி தொடங்குவார்கள். இதில் அடிக்கடி நடக்கும் தப்பு: கம்பெனியைத் தொடங்குமுன்பே சென்னையிலோ கொழும்பிலோ உள்ள தாய்க் கம்பெனியின் பெயரில் எழுத்தாளர், நடிகர் ஒப்பந்தங்களைப் போட்டுவிடுவது. பிறகு அவற்றையெல்லாம் மாற்றி எழுத வேண்டிவரும். மாற்றி எழுதினாலும் நேரடியாகப் பேசியது யார் என்ற கேள்வி எச்எம்ஆர்சியிடம் நிற்கும். அதனால் கம்பெனி முதலில், கையெழுத்து அப்புறம்.

## 3. ஸ்கிரிப்ட் முடியுமுன் மதிப்பெண் தாளை நிரப்புங்கள்

மொத்தம் 35 மதிப்பெண். தேற 18 வேண்டும். நான்கு பிரிவுகள்: ஏ பிரிவு கதையின் உள்ளடக்கம், 18. பி பிரிவு பண்பாட்டுப் பங்களிப்பு, 4. சி பிரிவு வேலை நடக்கும் இடம், 5. டி பிரிவு வேலை செய்யும் ஆட்கள், 8.

புதியவர்கள் இந்தத் தாளைக் கடைசியில் நிரப்புகிறார்கள். படம் முடிந்து, கணக்காளர் கேட்கும்போது. அப்போது மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. கதை எங்கே நடக்கிறது, இசை யார், எடிட் எங்கே என்பதெல்லாம் முடிவாகாமல் இருக்கும்போதுதான் இந்தத் தாளுக்குப் பயன். ஸ்கிரிப்டின் இரண்டாவது வரைவு வந்ததும் ஒருமுறை, நடிகர்கள் முடிவானதும் ஒருமுறை, படப்பிடிப்பு அட்டவணை முடிவானதும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, அதை நிரூபிக்கும் காகிதம் எது என்று எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்தால் அந்த மதிப்பெண்ணை எண்ணாதீர்கள். தாள் 18ஐத் தொட்டதும் நிறுத்திவிடாமல், மூன்று நான்கு மதிப்பெண் உபரி இருக்கும்படி பாருங்கள். எடிட்டில் ஒரு கிளைக்கதை வெட்டுப்பட்டாலே இரண்டு மதிப்பெண் போகக்கூடும்.

## 4. ஏ பிரிவு: கதை எங்கே, யாருடையது, எந்த மொழியில்

அதிகப் புள்ளிகளும் அதிகத் தப்புகளும் இங்கேதான்.

ஏ1, கதைக்களம், 4 வரை. கதையில் 75% பிரிட்டனிலோ ஐரோப்பியப் பொருளாதார வட்டார நாடுகளிலோ (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும்) நடந்தால் 4. 66% என்றால் 3, பாதி என்றால் 2, கால்வாசி என்றால் 1. இங்கே பார்ப்பது கதை நடக்கும் இடத்தை. கேமரா நின்ற இடத்தை அல்ல. கதைப்படி யாழ்ப்பாணத்தில் நடக்கும் காட்சியை ஸ்பெயினில் செட் போட்டு எடுத்தாலும் அது யாழ்ப்பாணம்தான், மதிப்பெண் இல்லை. லண்டன் வீட்டுக்குள் நடக்கும் காட்சியைச் சென்னையில் செட் போட்டு எடுத்தால் ஏ1இல் அது லண்டன், ஆனால் சி பிரிவில் கைவிட்டுப் போகும். இந்த இரண்டையும் குழப்பாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஸ்கிரிப்ட் கட்டத்தில் பக்கக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடிட் முடிந்ததும் திரையில் ஓடும் நிமிடங்களை எண்ணி அதைச் சரிபாருங்கள். ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்து வாங்கப்பட்ட அத்தியாயங்கள் ஒரே நிகழ்ச்சியாக எண்ணப்படும். எனவே மூன்றாம் அத்தியாயம் முழுக்க வன்னியில் நடந்தாலும் தொடர் முழுவதன் சதவீதம்தான் முக்கியம்.

ஏ2, முக்கியப் பாத்திரங்கள், 4 வரை. பாத்திரங்கள் பிரிட்டனின் அல்லது அந்த ஐரோப்பிய நாடுகளின் குடிமக்களாகவோ அங்கே வசிப்பவர்களாகவோ இருக்க வேண்டும். ‘வசிப்பவர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். லண்டனின் ஹாரோவில் பதினைந்து வருடமாக இருக்கும் இலங்கைப் பாஸ்போர்ட் பாட்டியும் இதில் வருவார். ஆனால் ஸ்கிரிப்டைப் படிப்பவருக்கு அது தெரிய வேண்டும். அவர் எங்கே வசிக்கிறார் என்று ஒரு வசனத்திலாவது, பாத்திரக் குறிப்பிலாவது இல்லாவிட்டால் பரிசீலிப்பவர் ஊகிக்க மாட்டார்.

ஏ3, கதைப்பொருள் அல்லது மூலநூல், 4. கதைப்பொருள் பிரிட்டனையோ ஐரோப்பாவையோ சார்ந்ததாக இருக்கலாம். இல்லையேல் மூலக்கதையை எழுதியவர் அங்கே குடிமகனாகவோ வசிப்பவராகவோ இருக்கலாம். இரண்டில் ஒன்று போதும். லண்டனில் வாழும் எழுத்தாளரின் தமிழ் நாவலைப் படமாக்கினால், கதை எந்த ஊரில் நடந்தாலும் இந்த நான்கைக் கேட்கலாம். உரிமை ஒப்பந்தமும், எழுத்தாளர் எங்கே வசிக்கிறார் என்பதற்கான சான்றும் கையில் இருக்கட்டும்.

ஏ4, மொழி, 6 வரை. மூல வசனத்தில் 75% ஆங்கிலத்திலோ, வெல்ஷ் போன்ற பிரிட்டனின் சொந்த மொழிகளிலோ, ஐரோப்பியப் பொருளாதார வட்டார நாடுகளின் மொழிகளிலோ இருந்தால் முழு 6. அதற்குக் கீழே படிப்படியாகக் குறைந்து, கால்வாசி இருந்தால் 1. தமிழ் வசனத்துக்கு எதுவும் இல்லை. பிரிட்டனில் எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள் என்று வாதாடிப் பயன் இல்லை, தாளில் அதற்கு இடம் கிடையாது.

டப்பிங் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆகாது. கேட்பது மூலமாகப் பதிவான வசனத்தை. இன்னொரு சிக்கல், நம்மவர் பேச்சில் இரண்டு மொழியும் கலந்துதான் வரும். ‘ட்ரெயின் டிலே ஆயிட்டுது அம்மா, டென் மினிட்ஸ்ல வாறன்’ என்பது எந்த மொழி? என் வழக்கம், வாக்கியத்தின் வினைச்சொல் எந்த மொழியோ அந்த மொழியில் வைப்பது. எந்த முறையானாலும் ஒரே முறையைக் கடைசிவரை பின்பற்றி, அதை விண்ணப்பத்தில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். சந்தேகமான வசனங்களை எல்லாம் உங்களுக்குச் சாதகமாக எண்ணாதீர்கள். 25% வரம்பில் நிற்கும் ஸ்கிரிப்டில் அந்த ஒரு மதிப்பெண்ணை நம்பாமல் இருப்பதே நல்லது.

## 5. பி பிரிவு: வாதத்தை எழுதுங்கள், வர்ணனையை அல்ல

பிரிட்டிஷ் படைப்பாற்றல், மரபு, பன்முகத்தன்மை ஆகியவற்றை நிகழ்ச்சி எப்படிக் காட்டுகிறது என்று இங்கே விளக்க வேண்டும். 4 மதிப்பெண் வரை உண்டு. மற்ற பிரிவுகளில் எண்ணிப் பார்க்கலாம், இங்கே பரிசீலிப்பவரின் மதிப்பீடு வேலை செய்கிறது.

நம்மவர்கள் பக்கம் பக்கமாகத் தமிழின் தொன்மையை எழுதிவிடுகிறார்கள். கேட்டது அது இல்லையே. லண்டனின் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் மூன்று தலைமுறை எப்படி வாழ்கிறது, கேமராவுக்கு முன்னும் பின்னும் யார் யாருக்கு இடம் கிடைக்கிறது என்று காட்சி எண்ணோடு சொல்லுங்கள். அரைப் பக்கம் போதும். திட்டக் கணக்கில் இந்தப் பிரிவுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு மற்றவற்றில் 18 வருகிறதா என்று பாருங்கள். வருவது லாபம்.

## 6. சி, டி பிரிவுகள்: இடமும் ஆட்களும்

சி பிரிவில், படப்பிடிப்பிலோ காட்சி விளைவுகளிலோ பாதி பிரிட்டனில் நடந்தால் 2. அது 80% ஆனால் கூடுதலாக 2. இசைப்பதிவு, ஒலி, எடிட் போன்ற பிந்தைய வேலைகளுக்கு 1. இங்கே கணக்கு பிரிட்டனுக்கு மட்டும். பாரிஸில் எடுத்த காட்சி ஏ1இல் உதவும், சி பிரிவில் உதவாது.

டி பிரிவில் இயக்குநர், எழுத்தாளர், தயாரிப்பாளர், இசையமைப்பாளர், முக்கிய நடிகர்கள், நடிகர்களில் பெரும்பான்மை, துறைத் தலைவர்களில் பெரும்பான்மை, குழுவினரில் பெரும்பான்மை என்று எட்டுக்கு எட்டு. துறைத் தலைவர்கள் என்றால் ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், ஆடை வடிவமைப்பாளர், எடிட்டர், ஒலி வடிவமைப்பாளர் முதலானோர்.

இங்கேயும் குடியுரிமையோ வழக்கமான வசிப்பிடமோ போதும். ஐரோப்பியத் தமிழர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு பொறியும் உண்டு. பாரிஸ் நடிகர் கணக்கில் வருவார். ஆஸ்லோவில் இருந்து வரும் எடிட்டரும் வருவார், நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் பொருளாதார வட்டாரத்தில் உண்டு. சூரிச்சில் இருந்து வருபவர் வரமாட்டார். சுவிட்சர்லாந்து அந்த வட்டாரத்தில் சேரவில்லை. டொராண்டோ, சிட்னி, சென்னை எதுவும் சேராது. ‘ஐரோப்பாதானே’ என்று சுவிஸ் தமிழர்களை எண்ணிவிட்டுப் பிறகு பெரும்பான்மை தவறிப்போவது வழக்கமாக நடக்கிறது. அவர்களில் ஒருவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் கதை வேறு, கேட்டுப் பாருங்கள்.

ஆட்களை வேலைக்கு எடுக்கும் நாளிலேயே பாஸ்போர்ட் நகலையோ வசிப்பிடச் சான்றையோ வாங்கி வையுங்கள். படப்பிடிப்பு முடிந்து குழு கலைந்த பிறகு எழுபது பேரிடம் இதைக் கேட்பது பெரும்பாடு.

## 7. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஆறு அத்தியாயத் தொடர் ஒன்று. ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணக் குடும்பம். கதையில் 70% லண்டன், 30% யாழ்ப்பாணம். வசனத்தில் 60% தமிழ், 40% ஆங்கிலம். இயக்குநரும் இசையமைப்பாளரும் சென்னையில் வசிப்பவர்கள். படப்பிடிப்பில் 70% லண்டனில், எடிட்டும் ஒலியும் லண்டனில்.

ஏ1இல் 3. மூன்று முக்கியப் பாத்திரங்களும் லண்டனில் வசிப்பதால் ஏ2இல் 4. லண்டன் குடியேறிகளின் வாழ்க்கை என்பதால் ஏ3இல் 4. மொழிக்கு 1. பி பிரிவுக்கு நாம் போடுவது 0. சி பிரிவில் 2ம் 1ம் சேர்த்து 3. டி பிரிவில் இயக்குநரும் இசையமைப்பாளரும் போக 6. மொத்தம் 21. தேறிவிட்டது. தமிழ் பேசியதால் 5 மதிப்பெண் போயும் தேறுகிறது என்பதைக் கவனியுங்கள். தமிழில் எடுத்தால் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லி எழுத்தாளரை ஆங்கிலத்துக்குத் தள்ளுகிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இப்போது அதே கதையைத் தலைகீழாக்குங்கள். 70% யாழ்ப்பாணத்தில், மூவரில் இருவர் அங்கேயே வசிப்பவர்கள், படப்பிடிப்பும் பெரும்பாலும் அங்கேதான். ஏ1இல் 1, ஏ2இல் பெரும்பகுதி போகும், ஏ3 வாதத்துக்கு உரியது, சி பிரிவில் பிந்தைய வேலைக்கு 1 மட்டும். டி பிரிவில் 6 அப்படியே கிடைத்தாலும் 18 கண்ணுக்கெட்டாது. அந்தக் கதையை எடுக்கக் கூடாது என்பதில்லை. இந்தப் பணத்தை நம்பி பட்ஜெட் போடக் கூடாது, அவ்வளவுதான்.

## 8. ‘தங்க மதிப்பெண்’ விதியை மறக்காதீர்கள்

மொழிக்கு 6, சி பிரிவுக்கு 5, டி பிரிவுக்கு 8. மூன்றையும் முழுதாக வாங்கினால் 19 வந்துவிடும். அப்படியானால் செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் கதையை லண்டன் ஸ்டுடியோவில் ஆங்கிலத்தில் எடுத்தால் போதுமா? போதாது. இவற்றை மட்டும் நம்பி வருபவர்கள் கதைக்களம், பாத்திரம், கதைப்பொருள் ஆகியவற்றிலும் ஓரளவு வாங்கியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழ்க் கதைகளுக்கு இந்தச் சிக்கல் அபூர்வம். கற்பனை உலகக் கதை எடுப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

## 9. இடைக்காலச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்

இது கட்டாயம் அல்ல. ஆனால் தயாரிப்பு நடக்கும்போதே சலுகையைக் கோர வேண்டுமானால் வேண்டும். சலுகையைக் காட்டிக் கடன் வாங்குவதானால் கடன் தருபவரும் இதைத்தான் கேட்பார்.

இணைய வழியில் விண்ணப்பம். கதைச் சுருக்கம், ஸ்கிரிப்ட், பட்ஜெட், அட்டவணை, ஆட்கள் பட்டியல் ஆகியவற்றோடு ஒரு சட்டபூர்வ உறுதிமொழியும் வேண்டும். அதைச் சொலிசிட்டர் அல்லது உறுதிமொழி ஆணையர் முன்னால் கையெழுத்திட வேண்டும். தேதியும் கம்பெனிப் பெயரும் படத்தின் பெயரும் விண்ணப்பத்தில் உள்ளபடியே இருக்கட்டும். தற்காலிகமாக வைத்த பெயரை இடையில் மாற்றியவர்கள் மாற்றத்தை எழுதித் தெரிவியுங்கள்.

முக்கால்வாசித் தமிழ் ஸ்கிரிப்டை அப்படியே ஏற்றிவிட்டால் படிப்பவர் என்ன செய்வார்? ஆங்கில மொழிபெயர்ப்பைத் தாருங்கள். ஆனால் எந்த வசனம் தமிழில் பேசப்படும் என்பதை அதில் வேறு நிறத்திலாவது காட்டுங்கள். இல்லையேல் ஏ4 கணக்கு குழம்பும்.

## 10. படப்பிடிப்பின்போது தாளைப் புதுப்பியுங்கள்

நடிகர் மாறினால், ஓர் இடத்துக்குப் பதில் இன்னோர் இடம் போனால், அன்றே தாளைத் திருத்துங்கள். மழையால் லண்டன் காட்சிகளைச் சென்னை செட்டுக்கு மாற்றுவது பணம் மிச்சம் போலத் தெரியும். அதனால் பிரிட்டன் படப்பிடிப்பு 50%க்குக் கீழே போனால் 2 மதிப்பெண் போகும், பிரிட்டன் செலவும் குறையும். மிச்சம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு என்று பார்த்து முடிவெடுங்கள்.

நட்டத்தைக் கணக்கிட ஓர் எடுத்துக்காட்டு. மையச் செலவு 50 லட்சம் பவுண்டு, அதில் பிரிட்டன் செலவு 45 லட்சம் என்று வையுங்கள். சலுகை, மொத்த மையச் செலவில் 80%க்கோ பிரிட்டன் செலவுக்கோ, எது குறைவோ அதற்கு. இங்கே 40 லட்சம். ஹை எண்ட் டிவிக்கு 34%, அதாவது 13.6 லட்சம். இதற்கு வரி உண்டு. 25% போக 10.2 லட்சம் கையில் நிற்கும். 34% முழுதும் வரும் என்று பட்ஜெட்டில் எழுதிவிடுவது புதியவர்களின் வழக்கமான தப்பு.

## 11. இறுதிச் சான்றிதழ்

நிகழ்ச்சி முடிந்ததும் முடிந்த பிரதியோடு விண்ணப்பிக்க வேண்டும். இங்கே ஸ்கிரிப்ட் கணக்கு செல்லாது, திரையில் இருப்பதுதான் செல்லும். நிமிடங்களை மறுபடி எண்ணுங்கள்.

18ஐ எட்ட சி, டி பிரிவுகளின் மதிப்பெண் தேவைப்பட்டால் கணக்காளர் அறிக்கை வேண்டும். தயாரிப்போடு தொடர்பில்லாத தகுதியுள்ள கணக்காளராக இருக்க வேண்டும். உங்கள் தயாரிப்புக் கணக்காளர் போதாது. ஏ, பி மட்டுமே 18 தந்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம். நம் ஈஸ்ட் ஹாம் தொடருக்கு அது முடியாது, ஏ பிரிவில் 12தான் இருக்கிறது. அதற்கான கட்டணத்தைப் பட்ஜெட்டில் முன்பே போட்டு வையுங்கள்.

இடைக்காலச் சான்றிதழை வைத்துப் பணம் வாங்கியிருந்து இறுதிச் சான்றிதழ் கிடைக்காமல் போனால், வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். தொடருக்கென்று தொடங்கிய கம்பெனியில் அப்போது பணம் இருக்காது. அதனால் இறுதிச் சான்றிதழ் வரும்வரை கம்பெனியை மூடாதீர்கள், ஆட்களின் சான்றுகளையும் அழிக்காதீர்கள்.

## 12. எப்படிக் கூட்டினாலும் 18 வரவில்லை என்றால்

ஸ்கிரிப்டில் செயற்கையாக லண்டன் காட்சிகளைச் செருகாதீர்கள். அது கதையைக் கெடுக்கும், இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் தராது. மாற்ற எளிதானவற்றை முதலில் பாருங்கள்: இசையமைப்பாளர், எடிட் நடக்கும் இடம், துறைத் தலைவர்களில் ஒருவர்.

அதற்கும் வராவிட்டால் கூட்டுத் தயாரிப்பு வழி. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோடு பிரிட்டனுக்கு ஒப்பந்தம் உண்டு. அந்த வழியில் போனால் மதிப்பெண் எண்ணத் தேவையில்லை, ஆனால் இரு நாட்டுக் கம்பெனிகளும் பணத்திலும் வேலையிலும் குறிப்பிட்ட பங்கு வைக்க வேண்டும். எல்லா ஒப்பந்தமும் தொலைக்காட்சிக்குச் செல்லாது என்பதைப் பாருங்கள். இந்தியாவோடு உள்ளது திரைப்படத்துக்கானது, தொடருக்கு அதை நம்பிப் போகாதீர்கள். டொராண்டோவில் கூட்டாளி இருந்தால் படப்பிடிப்பு தொடங்குவதற்கு வெகு முன்பே இரு நாட்டு அதிகாரிகளிடமும் பேசத் தொடங்குங்கள். தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.